கையில் ஒரு ரூபாய்தான் என்றால் பள்ளிக்கூடத்துக்கா, தொழிலுக்கா?

வெள்ளவத்தை அம்மா:

போன ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் ஒரு சண்டை. கனடாவில் இருக்கும் அண்ணா வாட்ஸ்அப்பில் வந்தார். வழக்கமாகப் பனி, வீட்டு வாடகை, இங்கே மீன் விலை என்று போகிற கதை இந்த முறை என் மகனிடம் போய் நின்றது. அவன் தரம் 11 முடிவில் வருகிற சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறான். "எப்படியாவது அவனை வெளியே அனுப்பு. பொருளாதாரம் நிமிரும் வரைக்கும் அங்கே படித்து ஒரு பிரயோசனமும் இல்லை" என்றார் அண்ணா. படிப்பு நிமிராமல் பொருளாதாரம் எதைப் பிடித்து நிமிரும் என்று நான் கேட்டேன். சோறு ஆறிப்போனதுதான் மிச்சம்.

நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், எதையும் எழுதிவைக்கிற பழக்கம். மகனின் தரம் 11 வருடத்தில் ரியூசனுக்கு மட்டும் போனது 1,46,000 ரூபாய். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம். பஸ் காசும் பின்னேரக் கடலை வடையும் இதில் இல்லை. 1945 ஒக்டோபர் 1 முதல் கல்வி இலவசமான நாடு இலங்கை. பாடநூலும் சும்மாதான் தருகிறார்கள். அப்படியிருந்தும் என் சம்பளத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவரின் ரியூசன் மண்டபத்துக்குத்தான் போகிறது.

கேள்வி இதுதான். உங்களை நிதி அமைச்சராக்கி, கையில் ஒரேயொரு ரூபாயைக் கொடுத்தால் அதை எங்கே போடுவீர்கள்? பள்ளிக்கூடத்திலா, தொழில் வளர்ப்பதிலா? இரண்டிலும் பாதிப் பாதி என்று தப்பிக்கக் கூடாது. சிங்கப்பூர் கதையும் வேண்டாம்.


கடல்காற்று:

சிங்கப்பூர் கதை வேண்டாமென்றால் வேறு எந்தக் கதையைச் சொல்வது அக்கா? 1965இல் தனிநாடானபோது அவர்களிடம் என்ன இருந்தது? குடிக்கிற தண்ணீர்கூட மலேசியாவிலிருந்து. ஒழுக்கம், ஆங்கிலம், ஊழலில்லாத அரசாங்கம். மூன்றும் வந்தால் மிச்சமெல்லாம் தானாக வரும். எங்களிடம் மூன்றும் இல்லை. அவ்வளவுதான்.


வட்டிக்கணக்கு:

அக்கா வேண்டாம் என்று சொல்லியும் வந்துவிட்டது, அதனால் ஒரு வரி. 1960இலேயே சிங்கப்பூரின் தலா வருமானம் எங்களுடையதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். இலங்கையைப் பார்த்து ஏங்கிய ஏழைக் கிராமம் என்பது நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். அந்தக் காலத்தில் வருமானத்தில் எங்களுக்குப் பக்கத்தில் நின்றது தென்கொரியா. ஒப்பிட்டே ஆகவேண்டுமென்றால் அதோடு ஒப்பிடுங்கள். அவர்கள் எல்லாப் பிள்ளைகளையும் முதலில் ஆரம்பப் பள்ளியில் உட்காரவைத்தார்கள். 1970களில் இரும்பு, கப்பல், இரசாயனம் என்று கனரகத் தொழிலில் இறங்கியபோது அதற்கென்றே தொழில்நுட்ப உயர்பள்ளிகளைப் பெருக்கினார்கள். பள்ளிக்கூடத்தின் பின்வாசலைத் திறந்தால் தொழிற்சாலை.

எங்களுடைய பின்வாசலைத் திறந்தால் அரசாங்க வேலைக்கான வரிசை. எழுத்தறிவில் நாங்கள் அப்போதே ஆசியாவில் முன்னால் நின்ற நாடு. ஆனால் 1971 ஏப்ரலில் ஜேவிபி கிளர்ச்சியில் துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பாலானோர் படித்த பிள்ளைகள். அதே வருடம் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் சார்பில் டட்லி சியர்ஸ் என்ற பொருளியலாளரின் குழு இங்கே வந்து ஓர் அறிக்கை எழுதியது. பிள்ளைகள் எதிர்பார்க்கிற வேலை வேறு, நாட்டில் இருக்கிற வேலை வேறு என்பதுதான் அதன் சாரம். அரை நூற்றாண்டு கழிந்தும் அந்த அறிக்கைக்குத் தூசு தட்டி, திகதியை மட்டும் மாற்றினால் போதும்.

ஆகவே அண்ணாவுக்கு என் வாக்கு. ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக இல்லை. நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன், காசு எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். 2019 டிசம்பரில் வற் எனும் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். ஊரே கைதட்டியது. 2021இல் அரசாங்கத்தின் வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 9 வீதத்தைக்கூடத் தொடவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தோம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். பிறகு 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் 3 பில்லியன் டொலர் ஏற்பாடு, 2024 ஜனவரியில் வற் 18 வீதம். குறைத்ததையும் சேர்த்து இன்று கடலை வடையில் கட்டுகிறோம்.

2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் வேண்டும் என்று மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும். நியாயமான கோரிக்கை. இப்போது கொடுப்பது 2 வீதத்தையும் எட்டுவதில்லை. ஆனால் மொத்த வருமானமே 9 வீதம் இல்லாத வருடத்தில், அதில் பாதிக்கு மேல் வட்டிக்குப் போகும்போது, 6 வீதத்தை எந்தப் பையிலிருந்து எடுப்பது? முதல் ரூபாய் வரி ஒழுங்காக வசூலிக்கும் இடத்துக்கு. பள்ளிக்கூடம் இரண்டாவது ரூபாயில்.


ஜிந்துப்பிட்டி அச்சகம்:

அக்கா, நான் பொருளியல் படித்தவன் இல்லை. உயர்தரத்தில் வர்த்தகம் செய்து, பல்கலைக்கழகத்துக்கு எடுக்கிற வெட்டுப்புள்ளியில் தவறி, அப்பாவின் அச்சகத்துக்குள் நுழைந்தவன். 24 வருடமாகிறது. ஒழுங்கைக்குள் சின்ன இடம். ஒற்றை வர்ண ஓப்செட் மெஷின் இரண்டு, கட்டர் ஒன்று, ஐந்து பேர். கல்யாண அழைப்பிதழ், பில் புத்தகம், கோயில் நோட்டீஸ் எல்லாம் அடிக்கிறோம். ஆனால் உலை கொதிப்பது ரியூசன் ஆசிரியர்கள் கொண்டுவரும் ரியூட்டில், அதாவது பாடக் குறிப்புத் தாளில்தான். உங்கள் 1,46,000 ரூபாயில் நாலு காசு என்னைப்போன்ற ஒருவனிடம் வந்திருக்கும். நான் சொல்வதை அதையும் மனதில் வைத்தே வாசியுங்கள்.

நாட்டின் கல்வி எப்படிப் போகிறது என்று எனக்குச் சொல்வது ஓர்டர் புத்தகம். தரம் 5 புலமைப்பரிசில் மாதிரித் தாள் என்றால் ஒரு தடவைக்கு 2,500 பிரதி. உயர்தர உயிரியல் 600, 700. வர்த்தகம் அதைவிடக் கொஞ்சம் கூட. 2013இல் உயர்தரத்துக்குத் தொழில்நுட்பப் பிரிவு வந்தபோது, புதுச் சந்தை ஒன்று திறக்கிறது என்று நானும் அப்பாவும் சந்தோஷப்பட்டோம். இன்றுவரை அதற்குத் தமிழில் வந்தது ஒரே ஒரு ஓர்டர், 60 பிரதி. பிளேட் காசுகூடத் தேறவில்லை.

2022 மார்ச்சை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையை, அடிக்கத் தாளும் மையும் இல்லையென்று தள்ளிப்போட்டார்கள். புறக்கோட்டையில் தாள் கடைக்காரரிடம் ஒரு ரிம் என்ன விலை என்று கேட்டால், "காசைக் கொண்டு வாங்கோ, சாமான் வந்த பிறகு விலை சொல்லுறன்" என்பார். காலையில் ஒரு விலை, பின்னேரம் வேறு விலை. டொலர் 200இலிருந்து 360க்கு ஏறிக்கொண்டிருந்த நேரம். இறக்குமதித் தாளை வைத்துத்தான் நாங்கள் பரீட்சையே நடத்துகிறோம் என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது. முந்தி வாழைச்சேனையில் வைக்கோலில் தாள் செய்த ஆலை ஒன்று இருந்தது. அப்பா அந்தத் தாளில் நிறைய அடித்திருக்கிறார். கொஞ்சம் பழுப்பு, மையை இழுக்கும், ஆனால் தாள். சரி, அது வேறு கதை.

பரீட்சை நின்றது டொலரால். அந்த அளவில் உங்கள் அண்ணாவும் வட்டிக்கணக்கு ஐயாவும் சொல்வது சரி. இனி மற்றப் பக்கத்தைக் கேளுங்கள்.

போன வருடம் ஒரு பையனை வேலைக்கு எடுத்தேன். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு 'ஏ'. நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவன். முதல் கிழமையே ஒரு வேலை வந்தது. ஏதோ வகுப்பொன்றின் சான்றிதழ், 7க்கு 10 அங்குலம். எங்களிடம் இருந்தது டிமைத் தாள், 17.5க்கு 22.5. ஒரு தாளில் எத்தனை விழும் என்று கேட்டேன். சட்டென்று பரப்பளவை எடுத்து வகுத்தான். "5.625 சேர்." சரி தம்பி, பென்சிலால் கோடு போட்டுக் காட்டு என்றேன். எல்லாவற்றையும் நெட்டாக வைத்துப் பார்த்தான், 4. எல்லாவற்றையும் படுக்கவைத்தான், 3. "அப்ப 4தான் சேர், மிச்சம் கழிவு" என்றான்.

கட்டரில் நிற்கும் மாமா மருதானைக்காரர், சிங்களவர். 7ஆம் வகுப்போடு நின்றவர். நாங்கள் கதைத்தது அரையும் குறையுமாக விளங்கியிருக்கும். தாளை எடுத்தார். ஒரு பக்கத்தில் மூன்றைப் படுக்கவைத்து அடுக்கினார், மிச்சமிருந்த ஏழரை அங்குலப் பட்டையில் இரண்டை நெட்டாக நிறுத்தினார். ஐந்து. பேசவே இல்லை, போய்விட்டார்.

ஆயிரம் தாள் வெட்டினால் 4,000 சான்றிதழுக்குப் பதில் 5,000. தாள் என்ன விலை விற்கிறது என்று மேலே சொன்னேனே, அதோடு வைத்துப் பாருங்கள். எங்கள் தெருவில் பொருளாதாரம் என்பது இந்த ஆயிரம்தான். பையன் மக்கு இல்லை. சூத்திரம் தெரியும், வகுத்தலில் பிழையும் இல்லை. பதினொரு வருடத்தில் அவன் கையில் ஒருவரும் ஒரு தாளையும் அடிமட்டத்தையும் கொடுத்து, வீணாக்காமல் வெட்டு என்று சொல்லவில்லை. கேள்வித்தாளில் வராத ஒன்றை யார் சொல்லிக்கொடுப்பார்கள்? அந்தக் கேள்வித்தாளையும் நான்தான் அடிக்கிறேன்.

மாமாவின் கையே போதும், படிப்பு எதற்கு என்று நான் சொல்லவரவில்லை. கணினியில் பக்கம் அமைப்பது வந்த பிறகு மாமா தடுமாறுகிறார். மெஷினோடு வந்த கையேட்டை அவரால் வாசிக்க முடியாது. அவருக்கு 63 வயது. அவருடைய மகன் நல்ல மெஷின் மைண்டர், அச்சு மெஷினை ஓட்டுகிறவன், இப்போது கட்டாரில். என்னுடைய மைண்டர் 2022இல் துபாய் போனார். அந்த வருடம் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்கென்று வெளிநாடு போனார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். அந்தக் கணக்கில் ஒருவர் என் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவர்.

அதனால் என்னுடைய ரூபாயை 16க்கும் 19க்கும் இடையில் நிற்கிற பிள்ளையிடம் கொடுப்பேன். சாதாரண தரத்தோடு நின்றவன், உயர்தரம் எழுதி வெட்டுப்புள்ளிக்குக் கீழே விழுந்தவன். வருடத்துக்கு 3 லட்சம் பேரளவில் உயர்தரம் எழுதுகிறார்கள், அரச பல்கலைக்கழகத்துக்குள் போவது நாற்பதாயிரத்துச் சொச்சம். நாற்பதாயிரத்தைப் பற்றித்தான் எல்லோரும் கதைக்கிறோம். மிச்சப் பேருக்கு வேலைத்தலத்திலேயே தொழில் பழக்கி என்விக்யூ எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கிற முறை நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. நைட்டா என்ற அரச தொழிற்பயிற்சி நிறுவனம் செய்கிறது. மொரட்டுவ ஜெர்மன் டெக் என்ற தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தில் படித்தவனை வேலைக்காரர்கள் தேடிவந்து கூட்டிப்போகிறார்கள். புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல். முந்தி என்னிடம் நின்ற பையன் ஒருவனை ஒரு பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினேன். விண்ணப்பப் படிவம் மூன்று மொழியிலும் வடிவாக இருந்தது. வகுப்புச் சிங்களத்தில் மட்டும். பஸ்ஸில் கதைக்கிற சிங்களம் அவனுக்கு வரும், மோட்டாரின் சுற்றுக்கணக்கைச் சிங்களத்தில் எழுத வராது. ஆறு கிழமையில் திரும்பி வந்தான். இப்போது ஓட்டோ ஓடுகிறான். நன்றாகத்தான் உழைக்கிறான், குறை சொல்லக்கூடாது. ஆனால் அவனுக்கு மெஷின் பைத்தியம் அக்கா. ஓட்டோவைத் தானே பிரித்துத் தானே பூட்டுவான்.


பொகவந்தலாவை டீச்சர்:

அச்சகத்து அண்ணா, உங்கள் கதை பிடித்தது. ஆனால் ரூபாயைப் பிந்திக் கொடுக்கிறீர்கள். 16 வயதில் அந்தப் பையனுக்குத் தாளைத் திருப்பிப் பார்க்கத் தோன்றாததற்குக் காரணம் அவனுடைய 9 வயதில் இருக்கிறது. தரம் 4இலும் 5இலும் அவன் கத்தரிக்கோலும் பசையுமாக இருந்திருக்க வேண்டியவன். நீங்கள் அடித்த மாதிரித் தாளில் விடைக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டிருந்திருப்பான்.

நான் ஆறு வருடம் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பித்தேன். இந்தப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே 1970களில்தான். இலவசக் கல்வி 1945இல் வந்தது என்று அக்கா எழுதியிருக்கிறார். எங்கள் தாத்தா பாட்டிக்கு அது வரவில்லை, தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பக்கத்தில் தோட்டத் துரை நடத்திய பள்ளியில் எழுத்துக்கூட்டப் பழகினால் பெரிய காரியம். அந்த முப்பது வருடப் பிந்தலை இன்னும் சுமக்கிறோம். தரம் 3இல் என்னிடம் 41 பிள்ளைகள், அதில் ஒரு வசனத்தைத் தடங்காமல் வாசித்தவர்கள் பத்துப் பேர் இருக்கும். மழை நாளில் கொழுந்து எடுக்கப் போன அம்மா திரும்பும்வரை தம்பியைப் பார்த்துக்கொள்ள நிற்கிற பிள்ளை அன்றைக்கு வராது. மத்தியானச் சாப்பாடு கொடுக்கிற நாளில் வரவு கூடும். இது ஆராய்ச்சி இல்லை, என் வரவு இடாப்பு.

ஒரு கணித ஆசிரியர் வந்தார், கெட்டிக்காரர். இரண்டு வருடத்தில் கொழும்புக்கு மாற்றம் எடுத்துப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் இப்போது தெமட்டகொடையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். அம்மாவின் வைத்தியம் என்று சொல்லி வந்தேன். அது உண்மைதான், முழு உண்மை இல்லை. ஒரு ரூபாய்தான் என்றால், மலைக்கு மேலே தரம் 1, 2, 3 படிப்பிக்க விருப்பத்தோடு நிற்கிற ஆசிரியருக்கு அதைக் கூடுதல் சம்பளமாகக் கொடுங்கள். நான் போயிருக்கமாட்டேன்.


ஜிந்துப்பிட்டி அச்சகம்:

டீச்சர், நேரே வயிற்றில் அடிக்கிறீர்கள். புலமைப்பரிசில் தாள் நின்றால் எனக்கு ஐந்து பேரில் இரண்டு பேரை அனுப்ப வேண்டிவரும். ஆனாலும் நீங்கள் சொல்வது பிழையென்று எழுத இரவு இரண்டு தடவை தொடங்கி இரண்டு தடவையும் அழித்துவிட்டேன். என் மகள் இப்போது தரம் 4. அவளுக்கு இன்னும் மாதிரித் தாள் வாங்கிக் கொடுக்கவில்லை. கடையில் கட்டுக்கட்டாக இருக்கிறது.

ஒரு கேள்வி மட்டும். தரம் 3இல் நன்றாக வாசிக்கப் பழகிய பிள்ளை, 16 வயதில் போக ஒரு இடமில்லையென்றால் என்ன செய்யும்? வட்டிக்கணக்கு ஐயா சொன்ன வரிசையில் போய் நிற்குமா?


பொகவந்தலாவை டீச்சர்:

நிற்கும். ஆனால் வாசிக்கத் தெரிந்து நிற்கும்.


வட்டிக்கணக்கு:

இரண்டு பேருடைய ரூபாய்க்கும் முதலில் வரி கட்ட ஆள் வேண்டும். அச்சகத் தம்பி, ரியூசன் ஆசிரியர்கள் ரசீது தருகிறார்களா?


ஜிந்துப்பிட்டி அச்சகம்:

ஐயா, ரசீதுப் புத்தகம் அடிக்கவும் என்னிடம் வரலாம். ஒருவரும் வந்ததில்லை.


வெள்ளவத்தை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. அண்ணாவுக்கு இந்தப் பக்கத்தை அப்படியே அனுப்பினேன். "ரசீது மேட்டர் நல்லா இருக்கு" என்று மட்டும் பதில் போட்டார். ஆள் தோற்கும்போது இப்படித்தான் கதைப்பார்.

இரவு மகனிடம் 7க்கு 10 கேள்வியைக் கொடுத்தேன். விடையைச் சொல்லவில்லை. அவனும் முதலில் போனை எடுத்து வகுத்தான், 5.625. பிறகு பழைய பேப்பரை டிமை அளவுக்கு வெட்டி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். எனக்குத் தூக்கம் வந்து போய்ப் படுத்துவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் ஹோல் முழுக்கப் பேப்பர் துண்டு. சாப்பாட்டு மேசையில் ஐந்து செவ்வகம், ஒட்டி வைத்திருக்கிறான். ஒன்று கொஞ்சம் கோணல். ஆறாவதும் போடலாமா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான், முடியாது என்று நான் சொல்லவில்லை.

உயர்தரத்துக்கு என்ன பாடம் என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. முடிவு வர இன்னும் சில கிழமை இருக்கிறது. அதுவரை சும்மா போனைத்தான் நோண்டுவான். அச்சகத்துத் தம்பி, உங்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அவன் வந்து கொஞ்ச நாள் நிற்கலாமா? சம்பளம் வேண்டாம்.


ஜிந்துப்பிட்டி அச்சகம்:

பதினாறு முடிந்துவிட்டதா அக்கா? முடிந்திருந்தால் திங்கட்கிழமை எட்டரைக்கு அனுப்புங்கள். 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிக் கோட்டையில் இறங்கினால் அங்கிருந்து நடக்கலாம், வழியை நான் தனியாக அனுப்புகிறேன். செருப்போடு வரவேண்டாம், சப்பாத்து. வெள்ளைச் சேர்ட்டும் வேண்டாம், மை போகாது. கட்டருக்குப் பக்கத்தில் விடமாட்டேன், அதற்குப் பயப்படாதீர்கள். எண்ணுவது, அடுக்குவது, மாமாவுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பது. பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் நான் கொடுப்பேன், சம்பளம் இல்லாமல் யாரையும் நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை, அதைப் பிறகு கதைப்போம்.

அந்த ஐந்து செவ்வகத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். மாமாவுக்குக் காட்ட வேண்டும்.